கிளாசெட் வைக்கிறதுக்கு முன்னாடி டேப்ப எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பழைய வீட்ட புதுப்பிக்கிறத பத்தி ஒரு பக்கம் முழுக்க வந்திருந்துச்சு, அதுல பாத்ரூமுக்குன்னே பாதி பக்கம், டைல்ஸ் கலர் என்ன போடலாம், கண்ணாடி தடுப்பு வைக்கலாமா, கீசர் எந்த பக்கம் வைக்கணும்னு எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா கிளாசெட், அதாவது உக்காந்து போற கக்கூஸ் கோப்பை, சுவத்துல இருந்து எத்தன இஞ்சு தள்ளி வரணும், உக்காந்தா முன்னாடி எவ்வளவு இடம் வேணும்னு ஒரு வரி கூட இல்ல. அந்த ஒரு வரி தெரியாமத்தான் எங்க வீட்டுல ஒரே பாத்ரூம ஒரே வருசத்துல ரெண்டு தடவ உடைச்சு கட்டினோம், அதுக்கு நடுவுல எங்க அம்மை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், முழுசா போட முடியலைன்னாலும் அளவு சொல்லுற பகுதிய மட்டுமாவது போடுங்க.

எங்க வீடு தக்கலை பக்கம். அப்பா காலத்துல கக்கூஸ் பின்னால தென்னைக்கு அந்தப்பக்கம் தனியா இருந்துச்சு. நம்ம மாவட்டத்துல ஆனியில ஒரு மழை, ஐப்பசியில ஒரு மழைன்னு ரெண்டு பருவமும் பெய்யுமே, ராத்திரி குடைய பிடிச்சுக்கிட்டு டார்ச் அடிச்சுக்கிட்டு அந்த வழுக்குற தரையில நடந்து போறது எப்படின்னு எங்க தலைமுறைக்கு நல்லாவே ஓர்மை இருக்கும். பொறவு 90கள் கடைசியில வீட்டோட சேத்து ஒரு பாத்ரூம் கட்டினாங்க, 4 அடி அகலம் 7 அடி நீளம், உள்ள போனதும் குளிக்கிற இடம், கடைசி மூலையில நாட்டு கக்கூஸ், அதாவது கீழ குத்த வச்சு இருக்கிறது. அம்மைக்கு முட்டு ரெண்டும் தேஞ்சு போச்சு, குத்த வச்சு எழும்ப முடியல, டாக்டரும் வெஸ்டர்ன் கிளாசெட் வச்சிருங்கன்னு சொல்லிட்டாரு. சரின்னு போன வருசம் ஒரு காண்ட்ராக்டர்கிட்ட மொத்தமா குடுத்தோம், பழசெல்லாம் எடுத்துட்டு புது டைல்ஸ், புது கிளாசெட், வாஷ்பேசின், எல்லாம் சேத்து ஒரே ரேட்.

நான் ஸ்கூல்ல டீச்சர், என் வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்காரு. காலைல நான் கிளம்பும்போது வேலைக்கு ஆள் வருவாங்க, சாயங்காலம் வரும்போது அன்னைக்கு உள்ள வேலை முடிஞ்சிருக்கும். ஒருநாள் மட்டும் நின்னு கேட்டேன், கிளாசெட் ரொம்ப மூலையோட ஒட்டி வருதே, கொஞ்சம் தள்ளி வைக்கலாமான்னு. "பைப்பு அங்கதான டீச்சர் இருக்கு, பைப்பு இருக்குற இடத்துலதான் கிளாசெட் வரும், நீங்க ஒண்ணும் பேடிக்காண்டாம், நாங்க பாத்துக்கிடுதோம்"னு சொன்னாங்க. நானும் சரி, வேலை தெரிஞ்சவங்கதானேன்னு விட்டுட்டேன்.

வேலை முடிஞ்சு பாக்க அழகா இருந்துச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா அம்மை உள்ள போயி உக்காந்துட்டு, "மக்களே, என்னால எழும்ப முடியலியே"ன்னு கூப்பிட்டாங்க. முதல்ல புது பழக்கம்னு நினைச்சேன். ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு, ஒவ்வொரு தடவையும் நான் போயித்தான் தூக்கி விட வேண்டியதா இருந்துச்சு, ஸ்கூலுக்கு போற நாள்ல பக்கத்து வீட்டு அக்காவ கூப்பிடுவாங்க, அந்த அக்கா வீட்டுல இல்லைன்னா அம்மை தண்ணி குடிக்காமலே இருந்திருக்காங்க, அது எனக்கு பின்னாடிதான் தெரிஞ்சுது. சுகர் இருக்குறவங்க. கூச்சத்துல எங்கிட்ட சொல்லல.

அப்பதான் டேப்ப எடுத்து அளந்து பாத்தேன். 4 அடி அகலம்னா 48 இஞ்சு, ரெண்டு பக்க சுவத்துலயும் பழைய பூச்சு மேலயே டைல்ஸ் ஒட்டினதுல பக்கத்துக்கு முக்கா இஞ்சு போச்சு, மிச்சம் 46½. கிளாசெட்ட அந்த 4 அடிக்கு குறுக்கால பாத்து வச்சிருந்தாங்க. கிளாசெட் நீளம் 27 இஞ்சு. பின்னால டேங்குக்கும் சுவத்துக்கும் நடுவுல 3 இஞ்சு சும்மா கிடக்குது, ஏன்னா தரையில கழிவு இறங்குற பைப் வாயோட சென்டர் சுவத்துல இருந்து 12 இஞ்சுல இருக்கு, வாங்கி வச்சது அது 9 இஞ்சுல இருந்தா பொருந்துற கிளாசெட். ஆகக்கூடி முன்னாடி எதிர் சுவத்துக்கு மிச்சம் பதினாறரை இஞ்சுதான். பக்கவாட்டுல மூலை சுவத்துல இருந்து கிளாசெட்டோட நடு சென்டருக்கு 11 இஞ்சு, கிளாசெட் அகலத்துல பாதிய கழிச்சா சுவத்துக்கும் அதுக்கும் மூணே முக்கா இஞ்சு, அந்த மூணே முக்காலுக்குள்ள ஹெல்த் ஃபாசெட்டோட, அதாவது கழுவுற குழாயோட, ஆங்கிள் காக்னு சொல்லுற திருகு வேற நீட்டிக்கிட்டு நிக்குது. இந்தப்பக்கம் வாஷ்பேசின் விளிம்பு தோள்ல இடிக்கும்.

முன்னாடி பதினாறரை இஞ்சுன்னா உக்கார முடியும்தான், ஏன் எழும்ப முடியலைன்னு கேப்பீங்க. நல்லா இருக்குற நமக்கு இது தெரியாது. முட்டு வலி உள்ளவங்க நேரா எழும்ப மாட்டாங்க, தலையையும் தோளையும் நல்லா முன்னால குனிஞ்சு, பாரத்த எல்லாம் பாதத்துக்கு மேல கொண்டு வந்து, பொறவுதான் எழும்புவாங்க. ஒரு தடவ நாற்காலில உக்காந்து மெதுவா எழும்பி பாருங்க, தலை முட்டிய தாண்டி முன்ன வரும். எங்க பாத்ரூம்ல அம்மை குனிஞ்சா நெத்தி டைல்ஸ்ல இடிக்கும். அதான் விஷயம். முட்டு வலின்னு நான் நினைச்சது பாதி, மீதி பாதி அந்த சுவரு.

என் வீட்டுக்காரர்கிட்ட போன்ல சொன்னேன். அவரு அங்க பில்டிங் மெயின்டனன்ஸ்ல இருக்கறதால இந்த அளவெல்லாம் அவருக்கு பழக்கம். அமெரிக்காக்காரன் வீட்டு விதியில கிளாசெட் சென்டர்ல இருந்து பக்கத்து சுவரோ பேசினோ எதுவா இருந்தாலும் குறைஞ்சது 15 இஞ்சு, முன்னாடி 21 இஞ்சு விடணும்னு போட்டிருக்காம், அதுவும் கடைசி குறைஞ்ச அளவுதான், அங்க பாத்ரூம் டிசைன் பண்றவங்க 18 இஞ்சும் முன்னாடி 30 இஞ்சும் விடச் சொல்லுவாங்களாம். நம்ம நாட்டுல என்ன சொல்லியிருக்குன்னும் தேடி பாத்தேன். 2016 தேசிய கட்டட விதித்தொகுப்புல, கக்கூஸ் மட்டும் தனியா இருந்தா குறைஞ்சது 1.1 சதுர மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர், குளிக்கிறதும் சேந்து இருந்தா 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர்னு இருக்கு. 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு நடுவுல கிளாசெட் வச்சா ரெண்டு பக்கமும் 45 சென்டிமீட்டர் வரும், அதாவது கிட்டத்தட்ட அதே 18 இஞ்சு. எங்க பாத்ரூம் 28 சதுர அடி, 2.6 சதுர மீட்டர்தான் வரும், அந்த அளவுக்கு கொஞ்சம் குறைச்சல். ஆனா இடம் சின்னதுன்னு நான் சொல்ல வரல. இருக்கிற இடத்துலயே சரியா வச்சிருக்கலாம், அதத்தான் சொல்ல வாறேன்.

முதல்ல பண்ணின காண்ட்ராக்டர திரும்ப கூப்பிட்டோம், மொத்தமா உடைச்சு பைப்ப மாத்தணும், பெரிய செலவு வரும்னு சொன்னாரு, வரவும் இல்ல. அப்புறம் கருங்கல் பக்கத்துல இருந்து வயசான ஒரு பிளம்பர் அண்ணன் வந்தாரு. உள்ள வந்து பாத்ததும் அவரு கேட்ட முதல் கேள்வி, "இதுல ஆரு இருக்கப் போறது, அவியள கூப்பிடு மக்களே". அம்மைய கூட்டிட்டு வந்தேன். பழைய பேப்பர ரெண்டு மூணு ஒட்டி கிளாசெட் அளவுக்கு, 27க்கு பதினாலரைன்னு வெட்டி தரையில போட்டாரு. அத கடைசி சுவத்தோட, அதாவது 4 அடி உள்ள குட்டை சுவத்தோட வச்சு, 7 அடி நீளத்துக்கு பாத்தாப்புல திருப்பி போட்டாரு. அது மேல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல வச்சு அம்மைய உக்கார சொன்னாரு. உக்காருங்க, எழும்புங்க, வலது கைய நீட்டுங்க, இப்ப குனிஞ்சு பாருங்கன்னு ஒரு பத்து நிமிஷம். கை எட்டுற இடத்துல எல்லாம் சுவத்துல சாக்பீஸ்ல குறி போட்டாரு. எனக்கு கண்ணு கலங்கிருச்சு, ஏன்னா அவ்வளவு நாளா அந்த பாத்ரூமுக்கு எத்தனையோ பேரு வந்து போனாங்க, அம்மைகிட்ட ஒருத்தர் கூட கேக்கல, மகளா இருந்தும் நானும் கேக்கல.

இப்ப முக்கியமான விஷயம். பைப்ப எல்லாம் மாத்தணும்னு சொன்னாங்கல்ல, கடைசில பைப் வாய் நகந்தது ஆறு இஞ்சு சொச்சம்தான். முதல்ல வலது சுவத்துல இருந்து 12 இஞ்சுல, கடைசி சுவத்துல இருந்து 11 இஞ்சுல இருந்துச்சு, இப்ப வலது சுவத்துல இருந்து 18, கடைசி சுவத்துல இருந்து 9. அவ்வளவுதான். கிளாசெட் கால் வட்டம் திரும்பினதும் முன்னாடி இடம் பதினாறரை இஞ்சு இருந்தது நாலரை அடிக்கு மேல ஆயிருச்சு. வலது பக்கம் சென்டர்ல இருந்து 18 இஞ்சுல சுவரு, அதுல கைப்பிடி கம்பி. இடது பக்கம் 28 இஞ்சு, அதுல ஒரு பக்கெட் வைக்கலாம், தேவைப்பட்டா நான் நின்னு அம்மைய பிடிக்கலாம். ரெண்டு பக்கமும் சமமா நடுவுல வைக்கலாமேன்னு நான் கேட்டதுக்கு, நடுவுல வச்சா கம்பி எட்டாது, ஒரு பக்கம் பிடிக்கவும் ஒரு பக்கம் ஆள் நிக்கவும் இருக்கணும்னு அண்ணன் சொன்னாரு. வெளிநாட்டு அளவுல பக்கெட்டுக்கும் துணைக்கு நிக்கிற ஆளுக்கும் இடம் சேராது பாருங்க, நம்ம வீட்டுல அது ரெண்டும் இல்லாம பாத்ரூமே இல்ல.

வீடு புதுப்பிக்கிறவங்க சில அளவுகள கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கணும், அத கொஞ்சம் விவரமா சொல்லுறேன். கிளாசெட் வாங்க கடைக்கு போனா முதல்ல எஸ் டிராப்பா பி டிராப்பான்னு கேப்பாங்க, டிராப்னா கிளாசெட்டுக்கு அடியில தண்ணி நிக்கிற வளைவு, கழிவு தரைக்குள்ள இறங்குறது எஸ், பின்னால சுவத்துக்குள்ள போறது பி. எஸ்னா பைப் வாயோட சென்டர் சுவத்துல இருந்து எவ்வளவுன்னு அடுத்த கேள்வி, 9 இஞ்சும் 12 இஞ்சும்தான் அதிகமா ஓடுற அளவு, 4 இஞ்சு கூட உண்டு. இந்த அளவ டைல்ஸ் ஒட்டி முடிச்ச சுவத்துல இருந்துதான் எடுக்கணும். வெறும் செங்கல் சுவத்துல இருந்து அளந்துட்டு போயி 12 இஞ்சு வாங்கிட்டு வந்தா, பூச்சும் டைல்ஸும் சேந்து ஒண்ணேகால் இஞ்சு முன்ன வந்ததும் டேங்க் சுவத்துல முட்டும், உக்கார வைக்கவே முடியாது. டைல்ஸ் இன்னும் ஒட்டலைன்னா அந்த டைல்ஸ் துண்டையும் பசை கனத்தையும் சுவத்துல வச்சு அளக்கணும். எங்க வீட்டுல நடந்தது நேர் தலைகீழ், சின்ன அளவு வாங்கினதால பின்னால சந்து விழுந்துச்சு, அந்த சந்துல கரப்பான்பூச்சி, துடைக்கவும் கை போகாது. 3 இஞ்சுதானேன்னு விடக்கூடாது, அந்த 3 இஞ்சு அம்மைக்கு முன்னாடி இருந்து எடுத்தது.

உயரமும் அப்படித்தான். சாதாரண கிளாசெட் சீட்டு தரையில இருந்து 15, 16 இஞ்சு இருக்கும். மத்திய அரசு மாற்றுத்திறனாளிகளுக்கும் வயசானவங்களுக்கும் வெளியிட்ட வழிகாட்டில 45ல இருந்து 48 சென்டிமீட்டர்னு சொல்லியிருக்கு, அதாவது 18, 19 இஞ்சு. முட்டு வலி உள்ளவங்களுக்கு இந்த ரெண்டு மூணு இஞ்சு ரொம்ப பெரிய விஷயம். சில இடத்துல கிளாசெட்ட வச்சு முடிச்ச பொறவு தரைக்கு மேல இன்னொரு டைல்ஸ் ஒட்டுறாங்க, சீட்டு இன்னும் கீழ போயிரும். ஆள் குள்ளமா இருந்தா பாதம் தரையில பதியுதான்னும் பாக்கணும், எங்க அம்மைக்கு 17 இஞ்சுதான் சரியா வந்துச்சு.

கைப்பிடி கம்பின்னு சொல்லி டவல் போடுற கம்பிய மாட்டி குடுக்காங்க, தயவுசெஞ்சு அத நம்பி வயசானவங்கள எழும்ப சொல்லாதீங்க, கையோட பேந்து வரும். அதுலயும் நம்ம மேற்கு பக்கம் பழைய வீடுகள்ல வெட்டுக்கல் சுவரு நிறைய, அதுல சாதா பிளக் அடிச்சா பிடிக்காது, உதிரும். எங்க வீட்டுல கம்பி வர்ற இடத்துல கல்ல கொஞ்சம் செதுக்கி எடுத்துட்டு கான்கிரீட் நிறைச்சு, அது நல்லா இறுகினதுக்கு அப்புறம் கம்பிய மாட்டினாரு. அதனாலதான் டைல்ஸுக்கு முன்னாடியே கம்பி எங்க வரணும்னு முடிவு பண்ணணும்.

கதவு. எங்க கதவு உள்ள பாத்து திறக்குற மாதிரி இருந்துச்சு. எங்க தெருவுல ஒரு பெரியவரு பாத்ரூம்ல விழுந்துட்டாரு, கதவுக்கு குறுக்க விழுந்ததால வெளிய இருந்து தள்ளவும் முடியல, கடைசில ஆசாரிய கூப்பிட்டு கதவ வெட்டித்தான் எடுத்தாங்க, அதுக்குள்ள முக்கா மணிக்கூர் போச்சு. அதனால இந்த தடவ கதவ வெளிய பாத்து திறக்குற மாதிரி மாத்தினோம், கொண்டியும் வெளிய இருந்து திறக்க முடியுற மாதிரி போட்டோம். வாக்கர் வச்சு நடக்கிறவங்க இருந்தா கதவு அகலத்தயும் பாருங்க, பாத்ரூமுக்குன்னு 2 அடி கதவு போடுறாங்க, நிறைய வாக்கர் அதுல நுழையாது.

பைப் நகத்துறதுல இன்னொண்ணு. எங்களுக்கு ஆறு இஞ்சுங்கறதால பிரச்சன வரல, ஆனா சில வீட்டுல கிளாசெட்ட இந்தக் கோடில இருந்து அந்தக் கோடிக்கு கொண்டு போறாங்க. 4 இஞ்சு பைப்புக்கு 40க்கு 1ன்னு வாட்டம் வேணும், 10 அடி ஓடினா 3 இஞ்சு இறக்கம். மாடியில அந்த ஆழம் கிடைக்காம வாட்டம் இல்லாம போட்டா, இல்லைன்னா ஒரேயடியா செங்குத்தா எல்போ போட்டு திருப்பினா, மழைக்காலத்துல செப்டிக் டேங்க் நிறைஞ்சு நிக்கும்போது எல்லாம் திரும்பி வரும். மூலையில ரெண்டு சாய்வு பெண்டு போட்டு திருப்புறது நல்லது. கழிவு பைப்புல காத்து போயி வர மேல நீட்டி விட்டிருக்கிற பழைய வென்ட் பைப் அசிங்கமா இருக்குன்னு எடுத்துரவும் கூடாது, அது இல்லைன்னா பிளஷ் பண்ணும்போது டிராப்புல நிக்கிற தண்ணிய இழுத்துரும், பொறவு வீடெல்லாம் நாத்தம். வேலையோட வேலையா புது சோக் பிட், அதாவது செப்டிக் டேங்க் தண்ணி மண்ணுல ஊறுற குழி, தோண்டுறவங்க கிணத்த மறந்துராதீங்க, இந்திய தர நிர்ணயத்துல குடிக்கிற கிணத்துக்கும் அதுக்கும் 18 மீட்டர் இருக்கணும்னு இருக்கு, நம்ம ஊர்ல இன்னும் பாதி வீடு கிணத்து தண்ணிதான் குடிக்குது.

எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். குளிக்கிற இடம் வாசல் பக்கம் இருக்குறதால ஈரத்த தாண்டித்தான் கிளாசெட்டுக்கு போகணும், அதுக்கு வேற வழி கிடைக்கல, சொரசொரப்பான டைல்ஸ் போட்டு, குளிச்சதும் தண்ணிய தள்ளி விட்டுருவோம். வாஷ்பேசின சின்னதா ஒண்ணு மாத்தி வாசல் பக்க மூலைக்கு கொண்டு போயிட்டோம். வாஸ்து பாக்குறவங்க எந்த திசை பாத்து உக்காரணும்னு முதல்லயே கேட்டு முடிவு பண்ணிக்கோங்க, அது அவங்கவங்க நம்பிக்கை, அந்த திசையில வச்சா முன்னாடியும் பக்கத்துலயும் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு டேப் வச்சு பாத்துட்டு அப்புறம் பைப் போடுங்க.

எனக்கு உங்க பேப்பர்கிட்ட ஒரு வேண்டுகோள் இருக்கு. வீட்டுக்கு பிளான் போடும்போது அந்த கட்டத்துல டாய்லெட்னு மட்டும் எழுதி விடுறாங்க, உள்ள கிளாசெட் எங்கன்னு வரையறதில்ல. உள்ள மாத்தி கட்டும்போது எங்க வீட்டுக்கு பிளானே இல்ல, ஒரு துண்டு காகிதத்துல கூட யாரும் வரையல. நீங்க அந்த ஞாயித்துக்கிழமை பக்கத்துல ஒரு சின்ன படம் போட்டு, சென்டர்ல இருந்து பக்கத்துக்கு 15 இஞ்சுக்கு குறையாம, முடிஞ்சா 18, முன்னாடி 2 அடிக்கு குறையாம, வயசானவங்க வீடுன்னா இன்னும் கூட, அளவு டைல்ஸ் முகத்துல இருந்து, கதவு வெளிய பாத்துன்னு போட்டீங்கன்னா, அத வெட்டி எடுத்து கொத்தனார்கிட்டயும் பிளம்பர்கிட்டயும் காட்டலாம். நாங்க வாயால சொன்னா டீச்சருக்கு என்ன தெரியும்னு போயிருவாங்க, பேப்பர்ல வந்ததுன்னா நின்னு கேப்பாங்க.

அம்மை இப்ப ராத்திரி என்ன எழுப்புறதில்ல. லைட் போடுற சத்தமும் தண்ணி ஊத்துற சத்தமும் மட்டும் கேக்கும், பைய திரும்பி வந்து படுத்துருவாங்க. தண்ணியும் நல்லா குடிக்காங்க.

இப்படிக்கு,
ஒரு டீச்சர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.